இருபெயர் தாங்கும் தோள்: செவிலி – பாராமெடிக் பூத்தையற் சின்னம் ஒரு குறியியல் வாசிப்பு

ஆய்வுச் சுருக்கம்

செவிலியர் உரிமத்தையும் பாராமெடிக் உரிமத்தையும் ஒருங்கே பெற்றவர்கள் அமெரிக்க ஐக்கிய நாடுகளில் சீருடையின் தோளில் அணியும் பூத்தையற் சின்னம் இக்கட்டுரையில் ஒரு பனுவலாக வாசிக்கப்படுகிறது. அவசர ஊர்திப் பணியில் முதலில் ஏறியவர்களுள் ஒருவரான செவிலி, சின்னத்தில் பின்னர் வந்து சேர்ந்தவரைப் போலத் தோன்றும் முரண் இங்கு எடுத்துக்கொள்ளப்படுகிறது. தமிழ் இலக்கணம் வகுத்த உம்மைத்தொகை, இருபெயரொட்டுப் பண்புத்தொகை ஆகிய கருத்துகள் வாசிப்புக் கருவிகளாகின்றன.

திறவுச்சொற்கள்: பூத்தையற் சின்னம், உயிர்விண்மீன், செவிலி, பாராமெடிக், தொகைநிலை, குறியியல்

முன்னுரை

மூன்று அல்லது நான்கு அங்குல விட்டமுடைய துணி வட்டம்; சுற்றிலும் தடித்த ஓரத்தையல்; நடுவில் நீல நூலால் நிரப்பிய ஆறு கரங்களையுடைய விண்மீன்; அதனுள் கோலைச் சுற்றிய ஒற்றைப் பாம்பு; மேல்வளைவில் ‘ரெஜிஸ்டர்டு நர்ஸ்’ என்றும் கீழ்வளைவில் ‘பாராமெடிக்’ என்றும் எழுத்துகள். இரு தகுதிகளும் உடையோர் அணியும் பூத்தையற் சின்னங்களில் பரவலாகக் காணப்படும் அமைப்பு இது. வேறுபாடுகள் பல உண்டு. சிலவற்றில் ‘ஆர்.என்.’ என்னும் சுருக்கம் விண்மீனின் மீதே பதிகிறது. ஹெலிகாப்டர்ப் பணியாளர் அணிபவற்றில் சிறகுகள் சேர்கின்றன. நிறமும் எழுத்துகளின் இடமும் மாறுகின்றன. விண்மீன் மட்டும் அரிதாகவே இடம்பெயர்கிறது.

பேட்ச் என்று வழக்கில் அறியப்படும் இத்தகைய தையற்சின்னங்களை ஆடையணியின் உதிரிப் பொருளாகக் கருதி ஒதுக்குவது எளிது. ஆயினும் இச்சின்னத்தில் சிந்திக்க வேண்டிய ஒன்று உண்டு. உரிமம் வழங்கும் அமைப்புகள் தத்தம் பட்டத்தை மட்டுமே சான்றளிக்கின்றன. செவிலியரை மாநிலச் செவிலியர் வாரியம் பதிவு செய்கிறது. பாராமெடிக்குகளை மாநில அவசர மருத்துவச் சேவைத் துறை சான்றளிக்கிறது. இரண்டையும் ஒரே வட்டத்துள் கொண்டுவருவது அணிபவரின் விருப்பம், அல்லது அவர் பணிபுரியும் சேவையின் விருப்பம். ஆகவே இது மேலிருந்து அளிக்கப்பட்ட பட்டயம் அன்று. தன்னைப் பற்றி ஒருவர் தோளில் எழுதிக்கொள்ளும் கூற்று. யாருடைய கூற்று, யாரை நோக்கிய கூற்று என வினவுவது பனுவல் வாசிப்பின் முதற்படி என்பதால் அக்கூற்றின் சொல்லமைதியையும் படிமவமைதியையும் தனித்தனியே நோக்குதல் தகும்.

சொல்லாட்சி பற்றி ஒரு குறிப்பு இன்றியமையாதது. தமிழகத்தில் ‘பாராமெடிக்கல்’ என்னும் சொல் ஆய்வக நுட்புநர், ஊடுகதிர்ப் படப்பிடிப்பாளர் முதலியோருக்குரிய துணை மருத்துவப் படிப்புகளைச் சுட்டி வழங்குகிறது. இங்கு ஆராயப்படும் பாராமெடிக் அவரல்லர். நிகழ்விடத்திற்கு ஊர்தியில் சென்று, மூச்சுக்குழாய் செருகுதல், இதயத்துடிப்பு வரைவைப் படித்தல், மின்னதிர்வு தருதல், சிரைவழி மருந்து ஏற்றுதல் ஆகியவற்றைச் செய்யும் பயிற்சி பெற்றவர். 1950களில் பாராசூட்டில் குதித்துச் சென்று காயமுற்றோருக்கு உதவும் படைவீரரைக் குறிக்கவும் இச்சொல் ஆளப்பட்டது. ‘துணை மருத்துவர்’ என மொழிபெயர்த்தால் தமிழ் வாசகர் வேறொருவரையே எண்ணிக்கொள்வர் என்பதால் பாராமெடிக் என்ற ஒலிபெயர்ப்பே கட்டுரை முழுவதும் கொள்ளப்படுகிறது.

விண்மீனின் எல்லை

சின்னத்தின் நடுவிடத்தைப் பிடித்திருக்கும் ‘ஸ்டார் ஆஃப் லைஃப்’ எனப்படும் உயிர்விண்மீன் பழமையான குறி அன்று. அமெரிக்க அவசர ஊர்திகள் அதற்கு முன் வெண்புலத்தில் ஆரஞ்சு நிறச் சிலுவையைத் தாங்கின. தமது செஞ்சிலுவையை அது ஒத்திருக்கிறது என்று அமெரிக்கச் செஞ்சிலுவைச் சங்கம் 1973இல் ஆட்சேபித்தது. தேசிய நெடுஞ்சாலைப் போக்குவரத்துப் பாதுகாப்பு நிர்வாகத்தில் அவசர மருத்துவச் சேவைப் பிரிவின் தலைவராக இருந்த லியோ ஷ்வார்ட்ஸ், அமெரிக்க மருத்துவர் சங்கத்தின் மருத்துவ அடையாளக் குறியைத் தழுவி இப்புதிய வடிவை அமைத்தார். 1977 பிப்ரவரி 1 அன்று அது அந்நிர்வாகத்தின் பெயரில் சான்றுக்குறியாகப் பதிவாயிற்று. நெடுஞ்சாலைத் துறை ஒன்றின் கையிலிருந்து பிறந்த குறி இது என்பதை மறத்தலாகாது. மருத்துவமனையோ மருத்துவக் கல்லூரியோ இதனைப் படைக்கவில்லை. சாலை விபத்துகளின் சாவெண்ணிக்கையைக் கண்டு கவலையுற்ற அரசின் போக்குவரத்துப் பிரிவு படைத்தது. விபத்துச் சாவை நவீன சமூகம் புறக்கணித்த நோய் என்றழைத்த 1966ஆம் ஆண்டின் தேசிய அறிவியற் கழக அறிக்கை, அந்நாட்டு அவசர ஊர்திகளில் ஏறத்தாழப் பாதியை நடத்தியவர்கள் ஈமச்சடங்கு நிலையத்தார் எனக் குறிப்பிட்டது. அந்நிலையிலிருந்து ஒரு தனித்தொழிலை வெட்டி எடுக்கவேண்டிய தேவையே இக்குறியின் பின்புலம்.

விண்மீனின் ஆறு கரங்களுக்கும் பொருள் வகுக்கப்பட்டுள்ளது: கண்டறிதல், அறிவித்தல், விரைந்து செல்லுதல், நிகழ்விடப் பராமரிப்பு, பயணவழிப் பராமரிப்பு, இறுதிச் சிகிச்சைக்கு ஒப்படைத்தல். இவ்வரிசை ஒரு கதைநிரல். சாலையில் தொடங்கி மருத்துவமனை வாயிலில் முடிகிறது. ஆறாவது கரத்தோடு கதை நின்றுவிடுகிறது. நோயாளி யாரிடம் ஒப்படைக்கப்படுகிறாரோ அவருக்கு விண்மீனில் கரமில்லை. அவசரப் பிரிவின் வாயிலில் அவரை ஏற்றுக்கொள்பவர் பெரும்பாலும் ஒரு செவிலி. குறியின் உட்பொருளை அதன் அதிகாரபூர்வ விளக்கத்தைக் கொண்டே படித்தால், செவிலி நிற்குமிடம் விண்மீனுக்கு வெளியே. இரட்டைத் தகுதிச் சின்னம் அவரை மேல்வளைவில் எழுதி விண்மீனைச் சுற்றி நிறுத்துகிறது, விண்மீனுக்குள் கொண்டுவரவில்லை. வடிவமைப்பாளர்கள் இதனை எண்ணிச் செய்தனர் எனக் கொள்ள வேண்டியதில்லை. கிடைத்த குறி அதுவே என்பதால் அதனை நடுவில் வைத்தனர். குறிகள் அணிபவர் எண்ணாததையும் சொல்லும்.

நிலையான குறியற்ற தொழில்

செவிலியர்க்கு ஏன் விண்மீனுக்கு நிகரான ஒரு குறி இல்லை? குறிகளின் எண்ணிக்கைக் குறைவு காரணமன்று, மிகுதியே காரணம். கிரைமியப் போரின்போது ஸ்குட்டாரி மருத்துவமனைக் கூடங்களில் இரவில் உலவிய புளோரன்ஸ் நைட்டிங்கேலின் விளக்கு முதன்மையானது. ஓவியர்களும் சிற்பிகளும் அதனைக் கிரேக்க எண்ணெய் விளக்காகத் தீட்டினர்; அவர் ஏந்தியது மடிக்கத்தக்க துருக்கியக் கூண்டுவிளக்கு. படிமம் பொருளிலிருந்து எவ்வளவு விரைவாகப் பிரிந்து செல்லும் என்பதற்கு இது நல்ல சான்று. அடுத்து வெண்தொப்பி, அது பல தலைமுறைக்குப் பின் மருத்துவமனைகளிலிருந்து மறைந்தது. செவிலியர் பள்ளிகள் ஒவ்வொன்றும் பயிற்சி முடித்தோர்க்குத் தனித்தனி உலோக மார்பூசியை அணிவித்தன. அமெரிக்கத் தரைப்படையின் மருத்துவப் பிரிவு 1902இல் ஏற்ற காடூசியஸ் என்னும் இருபாம்புக் கோலின் மீது செவிலியர்க்கென ‘என்’ எழுத்து பொறிக்கப்பட்டது. 1999இல் பன்னாட்டுச் செவிலியர் மன்றம் வெள்ளை இதயத்தை உலகப் பொதுக்குறியாக அறிமுகம் செய்தது. இத்தனை குறிகளில் எதுவும் விண்மீனைப்போல் தனியுரிமை பெறவில்லை.

காடூசியஸ் பற்றிய ஒரு சிக்கல் இங்கு நினைக்கத்தக்கது. அது வணிகத்துக்கும் தூதுக்கும் உரிய ஹெர்மிஸின் கோல். மருத்துவத் தெய்வமாகிய அஸ்கிலீபியசின் கோல் ஒற்றைப் பாம்புடையது, சிறகற்றது. வால்ட்டர் ஃபிரீட்லாண்டர் 1992இல் வெளியிட்ட நூல், அமெரிக்கத் தொழில்முறை மருத்துவ அமைப்புகள் பெரும்பாலும் அஸ்கிலீபியசின் கோலையும் வணிக அமைப்புகள் பெரும்பாலும் காடூசியசையும் கொண்டிருந்ததை எடுத்துக்காட்டியது. செவிலியின் கோலுக்கும் விண்மீனுக்குள் இருக்கும் கோலுக்கும் பாம்பின் எண்ணிக்கையிலேயே வேறுபாடு உண்டாகிவிட்டது. சில இரட்டைச் சின்னங்களில் விண்மீனின் ஒற்றைப் பாம்பும் அதன் அடியில் செவிலியின் இரட்டைப் பாம்பும் அருகருகே வருவது இதனால்தான். வேடிக்கையாகத் தோன்றினும் இரு தொழில்களின் தனித்தனி வரலாறு அம்மூன்று பாம்புகளில் பதிந்துள்ளது.

குறியின் வடிவைவிட அது உடலில் தங்கும் இடமே இன்னும் ஆழமாகப் பேசுகிறது. செவிலியின் மார்பூசி நெஞ்சின்மேல் நிற்பது. உறுதிமொழியோடு, விளக்கேற்றும் சடங்கோடு, ஆசிரியர் ஒருவர் கையால் குத்தப்படுவது. அணிபவரின் தனிப்பட்ட பற்றுறுதியைச் சொல்வது. தோட்சின்னமோ படையிலிருந்து வந்தது. அமெரிக்கத் தரைப்படையில் 1918இல் 81ஆம் படைப்பிரிவின் காட்டுப்பூனைச் சின்னமே முதன்முதல் ஒப்புதல் பெற்ற தோட்சின்னம். எந்த அணியைச் சேர்ந்தவர் என்பதைப் பக்கவாட்டிலிருந்தும் தொலைவிலிருந்தும் அறியும் தேவைக்கு எழுந்தது அது. தீயணைப்புத் துறையும் காவல்துறையும் அவ்வழக்கத்தை ஏற்றன. அவசர மருத்துவச் சேவை அவற்றின் சீருடையை மரபாகப் பெற்றது. இரட்டைச் சின்னத்தில் செவிலி நெஞ்சிலிருந்து தோளுக்கு மாறுகிறார். உறுதிமொழி அணிக்குறியாகிறது. இதனை இழப்பென்று மட்டும் கூறுதல் பொருந்தாது. சாலையோரத்தில் கவிழ்ந்த ஊர்தியின் அருகே முழந்தாளிட்டிருப்பவரின் மார்பூசியை யாரும் காணமாட்டார், தோள்தான் கண்ணிற்படும்.

செவிலியர்க்கு இயக்கக்குறியே இல்லாமல் இருந்ததும் இல்லை. இரண்டாம் உலகப்போரில் காயமுற்றோரை விமானத்தில் ஏற்றிச் செல்லும் பணிக்கெனப் பயிற்சி பெற்ற முதற்குழு, கென்டக்கி மாநிலத்தின் போமன் ஃபீல்டில் 1943 பிப்ரவரி 18 அன்று பயிற்சியை முடித்தது. தளபதி டேவிட் கிராண்ட் தம் சீருடையில் இருந்த விமான மருத்துவர் சிறகைக் கழற்றி, அக்குழுவைச் சேர்ந்த ஜெரால்டின் டிஷ்ரூனுக்கு அணிவித்தார். இன்றைய ஹெலிகாப்டர்ச் சேவையின் இரட்டைச் சின்னங்களில் காணப்படும் சிறகு இவ்வரலாற்றின் வழிவந்தது. சிறகு செவிலிக்கு முன்னரே உரியது. தரையில் ஓடும் விண்மீனே பின்னர் வந்தது.

வண்டியில் முதலில் ஏறியவர்

சின்னத்தின் படிமவரிசை பாராமெடிக் முன், செவிலி பின் என்று சொல்கிறது. நடந்தது வேறு. பெல்ஃபாஸ்ட் ராயல் விக்டோரியா மருத்துவமனையில் ஃபிராங்க் பேண்ட்ரிட்ஜ் 1966இல் தொடங்கிய நடமாடும் இதயச் சிகிச்சை ஊர்தியில் மருத்துவரோடு செவிலியும் சென்றார். அதன் தாக்கம் அமெரிக்காவை எட்டியபோது, லாஸ் ஏஞ்சலஸ் மாவட்டத்தின் ஹார்பர் பொது மருத்துவமனையில் இதயநோய் மருத்துவர் மைக்கேல் கிரைலியின் முயற்சியால் 1969இல் தீயணைப்பு வீரர் சிலருக்குப் பயிற்சி அளிக்கப்பட்டது. அப்பயிற்சியில் முதன்மையான பங்கு கரோல் பெபௌட் என்ற செவிலியுடையது. பயிற்சி முடித்த வீரர்கள் ஊசியோ மின்னதிர்வோ செலுத்தச் சட்டத்தில் இடமில்லை. மருத்துவரோ செவிலியோ உடனிருந்தால் மட்டுமே அது கூடும். ஆகவே செவிலி அவர்களுடன் வண்டியேறினார். வெட்வொர்த் – டவுன்செண்ட் சட்டத்தில் அன்றைய ஆளுநர் ரோனல்ட் ரேகன் 1970 ஜூலையில் கையெழுத்திட்டபின் அந்நிபந்தனை நீங்கியது.

இச்சட்டம் பாராமெடிக் தொழிலின் பிறப்புச் சான்றாக நினைவுகூரப்படுகிறது. அது செவிலி வண்டியிலிருந்து இறங்கிய நாளும் ஆகும் என்பது குறைவாகவே பேசப்படுகிறது. 1972 ஜனவரியில் என்.பி.சி. தொலைக்காட்சியில் தொடங்கிய ‘எமர்ஜென்சி!’ தொடர் புதிய பாத்திரப் பிரிவினையை இல்லந்தோறும் கொண்டு சேர்த்தது: இளைஞர் இருவர் செந்நிற ஊர்தியில் விரைகின்றனர், செவிலி டிக்சி மக்கால் மருத்துவமனையில் வானொலிக் கருவிக்கு அருகில் நிற்கிறார். ஆடவர் வெளியே, பெண் உள்ளே. செவிலியர் பெரும்பான்மையும் பெண்களாகவும் பாராமெடிக்குகள் பெரும்பான்மையும் ஆண்களாகவும் இருந்த சூழலில், அப்பிரிவினை இயல்பானது போலத் தோன்றியது. இரட்டைத் தகுதியுடையவர் செவிலியை மீண்டும் வண்டியேற்றுபவர். சின்னமோ அவர் புதிதாக ஏறியதாகக் காட்டுகிறது.

தொகையின் வழக்கு

இனிச் சொற்களை நோக்கலாம். ‘நர்ஸ் பாராமெடிக்’, ‘பாராமெடிக் நர்ஸ்’, இடையில் சாய்கோடிட்ட ‘ஆர்.என்./பாராமெடிக்’ என மூவகை எழுத்தமைதி வழக்கில் உண்டு. ஆங்கிலத்தில் இவற்றின் வேறுபாடு மங்கலானது. தமிழ் இலக்கணத்தின் தொகைநிலைக் கருத்துகளோ அதனைக் கூர்மையாக்கிக் காட்டவல்லவை. ‘செவிலியும் பாராமெடிக்கும்’ என உம்மை மறைந்து வந்தால் உம்மைத்தொகை. உயர்திணையில் உம்மைத்தொகை பலர்பால் ஈறு பெறும் என்பது தொல்காப்பியமும் நன்னூலும் உடன்படும் விதி. கபிலபரணர் என்னும் எடுத்துக்காட்டு மாணவரும் அறிந்தது. கபிலபரணர் இருவர், ஒருவராதல் இயலாது. அவ்விதிப்படி செவிலியும் பாராமெடிக்கும் உம்மையால் தொக்கால் தமிழ் அங்கே இரண்டு உடல்களைத் தேடும்.

ஒருவரே இரண்டும் ஆவதெனில் தொகை இருபெயரொட்டுப் பண்புத்தொகையாதல் வேண்டும். அங்கு சிறப்புப்பெயர் முன்னும் பொதுப்பெயர் பின்னும் நிற்கும். சாரைப்பாம்பு என்றால் பாம்பு பொது, சாரை சிறப்பு. ‘செவிலிப் பாராமெடிக்’ என்றதும் பாராமெடிக் பொதுப்பெயராகிவிடுகிறது. செவிலி என்பது பாராமெடிக்குகளில் ஒரு வகை. ‘பாராமெடிக் செவிலி’ எனத் திருப்பினால் பொருளும் திரும்புகிறது. எந்த வரிசையில் எழுதினாலும் ஒன்று தலைமை பெறும், மற்றது அடையாகும். இரு பெயரும் நிகராக ஒருவரிடம் தங்கும் தொகை இலக்கணத்தில் எளிதில் அமையவில்லை. சின்னத்தின் வடிவமைப்பாளர்கள் வட்டத்தை நாடியதற்கும் இதுவே காரணமாகலாம். நேர்கோட்டில் முன்பின் தவிர்க்க முடியாது. வட்டத்தில் மேல், கீழ் மட்டும் எஞ்சும். சாய்கோடு இன்னொரு தப்பிக்கும் வழி. அது எந்தத் தொகை என்பதைச் சொல்லாமல் விட்டுவிடுகிறது.

பென்சில்வேனியா மாநிலம் இச்சிக்கலை வேறு வகையில் தீர்த்தது. மருத்துவமனைக்கு முந்தைய களத்தில் பணிபுரியும் செவிலிக்கு ‘ப்ரீஹாஸ்பிட்டல் ரெஜிஸ்டர்டு நர்ஸ்’ என்னும் தனிச்சான்று அங்கு உண்டு. செவிலி பொதுப்பெயராகவே நிற்கிறார், களம் அடைமொழியாகிறது. பாராமெடிக் என்ற சொல்லே தேவைப்படவில்லை. இலக்கண அடிப்படையில் மூவகையிலும் தெளிவானது இதுவே. ஆயினும் இத்தெளிவுக்கு விலை உண்டு: பாராமெடிக்காகப் பல்லாண்டு உழைத்துப் பின்னர்ச் செவிலியர் படிப்பை முடித்தவருக்கு, தம் முதல் தொழிலின் பெயர் சின்னத்தில் மறைந்துபோவது ஏற்புடையதாக இராது.

சட்டத்தின் தொகை

இலக்கணத்தில் கண்ட இடர்ப்பாடு சட்டத்திலும் உண்டு. அங்கு அது உயிரோடு தொடர்புடையது. பாராமெடிக் ஒரு மருத்துவ இயக்குநரின் மேற்பார்வையில், எழுதப்பட்ட நெறிமுறைகளின்படி செயற்படுபவர். செவிலி மாநிலச் செவிலியர் சட்டத்தின்கீழ்த் தம் உரிமத்துக்குத் தாமே பொறுப்பாளர். அனுமதிக்கப்பட்ட செயல்களும் வேறுபடுகின்றன. மூச்சுக்குழாய் செருகுதல் பாராமெடிக்கின் அன்றாடப் பணி. பொதுப்பிரிவுச் செவிலி அதனைச் செய்வதில்லை. தொடர்ச்சியாகச் செலுத்தும் சிக்கலான மருந்துகளை நுண்ணிதாகக் கூட்டிக் குறைப்பது தீவிரச் சிகிச்சைச் செவிலியின் அன்றாடப் பணி. பாராமெடிக்கின் நெறிமுறையில் அதற்கு இடம் இல்லாதிருக்கலாம். இரட்டைத் தகுதியுடையவர் பாராமெடிக்காக ஊதியம் பெறும் முறைநேரத்தில் அந்நெறிமுறையைத் தாண்டிச் செல்ல அவருடைய செவிலியர் உரிமம் மட்டும் போதாது. கைக்குத் தெரிந்த ஒன்றைக் கை செய்யாது நிற்கும் நிலை இது.

எனினும் செவிலியர் உரிமம் அந்நேரத்தில் உறங்குவதும் இல்லை. டெக்சஸ் செவிலியர் வாரியத்தின் நிலைப்பாட்டு அறிக்கை ஒன்று, செவிலி எந்தப் பணிப்பொறுப்பில் இருந்தாலும் வாரியத்தின் அதிகார எல்லை அவர்மீது தொடர்வதை வலியுறுத்துகிறது. செயலுக்கு ஒரு பெயர், பொறுப்புக்கு இரு பெயர். செயலளவில் சட்டம் அவரை இருவராகப் பிரித்து ஒருவருக்கு மட்டும் முறைநேரம் ஒதுக்குகிறது. தவறு நேர்ந்தால் ஒருவராகவே விசாரிக்கிறது. உம்மைத்தொகையும் இருபெயரொட்டும் தேவைக்கேற்ப மாறி மாறி ஆளப்படுகின்றன எனலாம். இந்நிலையில் தோட்சின்னம் வெறும் பெருமிதம் என்று சொல்வது நியாயமாகாது. இருவராக நடத்தப்படும் ஒருவர் ‘ஒருவரே’ என்று சொல்லிக்கொள்ளும் இடம் அது. மற்றொரு பக்கமும் உண்டு: சின்னத்தைக் காணும் நோயாளியோ உறவினரோ இரு தகுதிக்கும் உரிய சிகிச்சை அந்நேரம் கிடைக்கும் என எண்ண இடமுண்டு. சின்னம் அவ்வுறுதியைத் தர இயலாது.

இம்முரண் எங்கும் உள்ளதன்று. சுவீடனில் மருந்து செலுத்தும் பொறுப்பு உரிமம் பெற்றோருக்கே என 2005இல் வந்த விதியால், அவசர ஊர்தியில் செவிலி ஒருவர் இருப்பது கட்டாயமாயிற்று. நெதர்லாந்தில் சிறப்புப் பயிற்சி பெற்ற செவிலியும் ஓட்டுநரும் சேர்ந்ததே ஊர்திக் குழுவின் வழக்கமான அமைப்பு. அங்கெல்லாம் இரு பெயரை ஒரு வட்டத்தில் தைக்க வேண்டிய தேவை பெரிதாக எழவில்லை. அமெரிக்கச் சின்னத்தில் காணும் தையல், 1970இல் பிரிந்த இரு துண்டுகளைச் சேர்த்த தையல்.

தமிழில் இச்சின்னம்

இச்சின்னத்தைத் தமிழில் எழுத முற்படுவோருக்கு எழும் வினா வேறு. நர்ஸ் என்பதற்கு நிலைபெற்றுவிட்ட ‘செவிலி’ சங்க அகப்பாடல்களின் பாத்திரப்பெயர். தாய் என்னும் சொல்லையே செவிலிக்கு உரிமையாக்குகிறது தொல்காப்பியம். அவள் மனையில் வளர்ப்பவள். எனினும் உடன்போக்கில் மகள் சென்றபின் மனையைவிட்டு இறங்கிப் பாலைவழியே தேடிச் செல்பவளும் அவளே. கலித்தொகையின் பாலைப்பாட்டு ஒன்றில் எதிர்வரும் அந்தணரிடம் மகளைக் கண்டீரோ என வினவுகிறாள். அவர்கள் தேற்றித் திருப்புகின்றனர். நற்றாய் மனையில் புலம்ப, செவிலி வழியில் நிற்கிறாள். அவசர ஊர்தியைச் சங்ககாலத்தில் கண்டுபிடிக்கும் முயற்சியன்று இது. அத்தகைய ஆராய்ச்சிகள் ஏற்கெனவே மிகுதி. சொல்லின் பொருட்புலம் வீட்டுக்குள் அடங்கியதன்று என்பதே கருதத்தக்கது. விண்மீன் செவிலியை வாயிலில் நிறுத்துகிறது. தமிழ்ச்சொல் அவளுக்குச் சாலையை முன்பே தந்திருக்கிறது.

நடைமுறை வழக்கு இவ்வளத்தைப் பயன்கொள்ளவில்லை. தமிழகத்தில் 2008 செப்டம்பரில் தொடங்கிய 108 அவசர ஊர்திச் சேவையின் வேலைவாய்ப்பு அறிவிப்புகளில் அப்பணி ‘மருத்துவ உதவியாளர்’ என வருகிறது. ஏற்கப்படும் கல்வித் தகுதிகளுள் செவிலியர் படிப்புகளும் இடம்பெறுகின்றன. செவிலியர் பட்டம் பெற்று அப்பணியில் சேர்ந்தவரின் முதற்பெயர் ‘உதவியாளர்’ என்ற சொல்லுக்குள் மறைகிறது. அமெரிக்கச் சின்னத்தில் செவிலி விளிம்பிலேனும் எழுதப்பட்டிருக்கிறார்.

நூலும் ஒட்டும்

இறுதியாக ஊடகம். பூத்தையல் இல்லத்துப் பெண்களின் கைவினையாகவும் பெண்மையைப் பயிற்றும் கருவியாகவும் ஆக்கப்பட்ட வரலாற்றை ரோஸிகா பார்க்கரின் ‘தி சப்வெர்சிவ் ஸ்டிச்’ (1984) விரிவாக ஆராய்ந்தது. பெண்கள் அதே ஊசியை எதிர்ப்புக்கும் பயன்படுத்தியதை அந்நூல் காட்டியது. படைச்சீருடையின் தோளில் பூத்தையல் வந்தவுடன் அப்பெண்மைச் சாயல் மறைந்து வீரத்தின் குறியாகிறது. நுட்பம் ஒன்றுதான், இடம் மாறியதும் மதிப்பு மாறிவிட்டது. செவிலித் தொழிலும் இவ்வகையில் பூத்தையலை ஒத்தது. நோயுற்றவரைக் கவனித்தல் மனைக்குள் நிகழ்ந்தவரை பெண்ணின் இயல்பு எனப்பட்டது. சாலைக்கு வந்து விண்மீன் அணிந்ததும் துணிவு எனப்படுகிறது.

இன்று இச்சின்னங்கள் கணினி வழிநடத்தும் பன்முனைத் தையல் இயந்திரங்களில் உருவாகின்றன. வரைபடம் தையல் எண்ணிக்கையாக மாற்றப்படும். சிறிய எழுத்துகள் நூலின் பருமனைத் தாங்காமல் சிதையும் என்பதால் சொற்கள் சுருங்கும். ‘ரெஜிஸ்டர்டு நர்ஸ்’ பல சின்னங்களில் ‘ஆர்.என்.’ ஆவதற்கு இடநெருக்கடியும் ஒரு காரணம். ‘பாராமெடிக்’ என்னும் சொல்லுக்கு அத்தகைய ஈரெழுத்துச் சுருக்கம் வழக்கில் வேரூன்றவில்லை. ஆகவே அது முழுச்சொல்லாகவே தைக்கப்படுகிறது. முழுச்சொல் பெற்ற தொழில் கண்ணுக்குப் பெரிதாகத் தெரிகிறது. கருத்தியல் எனத் தோன்றும் ஏற்றத்தாழ்வின் ஒரு பங்கு நூலின் பருமனிலிருந்து வருகிறது என்பதைக் குறியியல் ஆய்வு விட்டுவிடலாகாது.

சின்னம் சட்டையில் சேரும் முறையும் இரண்டு. நேரடியாகத் தைப்பது ஒன்று. வெல்குரோ ஒட்டுப்பட்டையில் பொருத்துவது மற்றொன்று. வெல்குரோ முறையில் அணிபவர் காலையில் மருத்துவமனையிலும் இரவில் ஊர்தியிலும் வெவ்வேறு சின்னங்களை மாற்றிக்கொள்ளலாம். சட்டம் கேட்கும் முறைமாற்றம் அப்படியே தோளில் நடக்கும். தைத்த சின்னத்துக்கு அவ்வசதி இல்லை. அதனைப் பிரிக்கத் தையல்பிரிப்பான் வேண்டும். பிரித்த பின்னும் வெயில்படாத துணியின் வட்டமும் ஊசித்துளைகளின் வரிசையும் சட்டையில் நெடுநாள் நிற்கும்.